வானிலையிலிருந்து ஆறு படிகள்

குசானோ யாசுவோவுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒகஸாக்கி நகரில் கல்லறைக் கற்கள் செய்து விற்கும் நிறுவனம் ஒன்றில் முப்பத்து மூன்று ஆண்டுகளாக விற்பனையாளர். காலையில் எழுந்ததும் செய்தித்தாளை விரித்து வானிலைப் பகுதியைப் படிப்பார். பின்னர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிடில், அன்றைக்குப் பேசுவதற்கு இரண்டு பொருள்கள் கிடைத்தன என்று மகிழ்வார். சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடு எப்போதும் இருக்கும். அதில் பாசி, கெண்டைமீன், முழங்கால் வலி, பேருந்து நேர மாற்றம் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள் இருக்கும். அவற்றுக்கிடையே கோடுகள் இழுக்கப்பட்டிருக்கும். அந்தக் கோடுகள்தாம் அவருடைய பிழைப்பு.

முன்பின் அறியாத ஒருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, உங்கள் குடும்பத்துக்குக் கல்லறை ஏற்பாடு ஆகிவிட்டதா என்று கேட்க இயலாது. வானிலையில் தொடங்க வேண்டும். வானிலையிலிருந்து வெயில், வெயிலிலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து அங்குள்ள கற்கள், கற்களிலிருந்து பாசி, பாசியிலிருந்து கோயில், கோயிலிலிருந்து கல்லறை. வானிலையிலிருந்து கல்லறைக்கு ஆறு படிகள். ஆறாம் படிக்கு வரும்போது வாடிக்கையாளரே, ஆமாம், உங்கள் நிறுவனத்தில் கல்லறைக் கல்லும் செய்வதுண்டா என்று கேட்டுவிடுவார். குசானோ சற்று வியப்படைந்தவர்போல, செய்வதுண்டு என்பார்.

புதிதாய் அறிமுகமானவரிடம் பேச்சுப் பொருளை வெடுக்கென்று மாற்றுவது தகாது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததே. எடுத்த பொருள் தீர்ந்துவிட்டது என்று இருவரும் ஒப்ப வேண்டும். ஒருவர் "ஆமாம், அப்படித்தான்" என்பார். மற்றவர் "அப்படித்தான், இல்லையா" என்பார். இருவரும் தலையசைத்துத் தேநீரை ஒரு வாய் அருந்துவர். அந்தச் சிறு மௌனத்தில் பழைய பொருள் ஓசையின்றித் தரையில் இறக்கி வைக்கப்படும். அதன் பின்னரே ஒருவர், "அதைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது" என்று அடுத்ததைக் கையில் எடுக்கலாம். மற்றவர்கள் இதை நடப்பதுபோல இயல்பாகச் செய்தார்கள். குசானோ அதைக் கம்பிமேல் நடப்பவரைப் போலப் பயின்று செய்தார்.

தம் எதிரில் எவரும் சங்கடப்பட்டதில்லை என்பது அவருக்கு உள்ளூரப் பெருமை. எதிர்வீட்டு ஒகிதா அம்மாள் ஒருமுறை மேலாடையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே வந்து நின்று, மாலை ஏழு மணி வாக்கில் என்று எதையோ தொடங்கித் தடுமாறினார். அந்த அம்மையார் படும் பாட்டைக் கண்டு குசானோ உடனே கைகொடுத்தார். ஏழு மணியிலிருந்து தொலைக்காட்சிச் செய்திக்கும், அதிலிருந்து சூறாவளிக்கும், சூறாவளியிலிருந்து அந்த அம்மையாரின் மகள் வாழும் தீவுக்கும் பேச்சை நடத்திச் சென்றார். முக்கால் மணி நேரம் கழித்து, வந்த காரியத்தைச் சொல்லாமலே ஒகிதா அம்மாள் வணங்கி விடைபெற்றார். தெருக்கோடியிலுள்ள பல் மருத்துவரும் ஒருநாள் வந்து, உங்கள் வீட்டு ஜன்னல் என்று ஆரம்பித்துவிட்டு முகம் சிவக்க நின்றார். அவரையும் குசானோ அவ்வாறே காப்பாற்றி அனுப்பினார்.

இத்தகைய வல்லவருக்கு அந்த அக்டோபர் மாதத்தில் ஒரு சோதனை வந்தது.

அவர் வாழும் தெருவில் பதினோரு வீடுகள். பதினொன்றும் சேர்ந்து ஒரு குழு. அந்தக் குழுவுக்கு ஒரு தலைவர். தலைவர் என்றால் பெருமை ஒன்றும் இல்லை. வடிகால் தூர்வாருவதும், குப்பைப் பைகளைக் காக்கை கிழிக்காமல் வலை போர்த்துவதும், தீயணைப்பு ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பதும், பொது மன்றத்தின் சாவியைக் காப்பதும் அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அதற்கே போய்விடும். இலையுதிர்காலத் திருவிழா முடிந்து வரும் ஞாயிறன்று குழுக் கூட்டத்தில் அந்தப் பொறுப்பு கைமாறும். ஆனால் இரண்டாண்டுகளாக அது குசானோவின் கையைவிட்டு மாறவில்லை. குசானோ யாரைக் கேட்க எண்ணினாலும், அவர் கேட்பதற்கு முன்பே அந்த வீட்டில் எவருக்காவது இடுப்பு பிடித்துக்கொண்டது.

அவர் மனைவி சுமியேயின் அக்காள், வடக்கே ஹகொடாதே நகரில் தனியாக வாழ்ந்துவந்தாள். அவளுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. நவம்பர் ஏழாம் தேதிக்கு சுமியே இரண்டு டிக்கெட்டுகள் எடுத்துவிட்டாள். பன்னிரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை மாலை, முள்ளங்கியைத் துருவிக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, போன வருஷம் தீயணைப்பு ஒத்திகை. அதுக்கு முந்தின வருஷம் வடிகால். இந்த வருஷம் என்னன்னு இப்பவே சொல்லிடுங்க, அக்காகிட்ட சொல்லிடறேன்."

"இந்த வருஷம் ஒண்ணுமில்ல. வேற தலைவர் வந்துடுவார்."

"யாரு?"

"பக்கத்து வீட்டு தோக்கிவா சான். அவர்தான் இன்னும் ஒரு தடவகூட இருந்ததில்ல."

"கேட்டாச்சா?"

"படிப்படியாத்தான் கேக்கணும்."

"எத்தனை படி?"

"ஆறு."

கூட்டம் ஞாயிறு காலையில். சுமியே விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, மீண்டும் முள்ளங்கியைத் துருவலானாள்.

கூட்டத்திலேயே எழுந்து நின்று கேட்டுவிடலாமே என்று வெளியூர்க்காரர் கருதலாம். அவ்வாறு கேட்டு ஒருவர் மறுக்க நேர்ந்தால், கேட்டவர் மறுத்தவர் ஆகிய இருவருமே வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குக் குடிபோக வேண்டியதுதான். எல்லாம் முன்னதாகவே தனிமையில் பேசி முடிந்திருக்க வேண்டும். கூட்டம் என்பது கைதட்டுவதற்காகக் கூடுவது.

தோக்கிவா அவ்வாண்டு வசந்த காலத்தில்தான் பக்கத்து வீட்டுக்கு வந்தவர். கார் ஓட்டக் கற்பிக்கும் பள்ளியில் ஆசிரியர். குடிவந்த அன்று முறைப்படி ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து தந்து வணங்கினார். அதற்குப் பின் நான்கு முறை வானிலை பற்றிப் பேசியிருந்தார்கள். அவ்வளவே பழக்கம். இப்படிப்பட்டவரிடம் நேராகக் கேட்பது, உடுத்திய உடையோடு பிறர் வீட்டுக் குளியல் தொட்டியில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

அன்று மாலை ஏழு மணிக்குக் குசானோ தம் வீட்டுத் தொட்டியில், கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து ஒத்திகை பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்த பத்தொன்பது ஆண்டுகளாக அவர் ஒத்திகை பார்ப்பது அங்கேதான். முதலில் தம் பகுதியைச் சொல்வார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு எதிராளியின் பகுதியையும் தாமே சொல்வார். ஓடு பதித்த அந்தச் சிறிய அறையில் குரல் மணி அடித்ததுபோல் ஒலிக்கும். தம் குரலைத் தாமே கேட்டு இன்புறுவதற்கு அதனினும் சிறந்த இடம் அவர் அறிந்திலர். ஆவி போவதற்காக ஜன்னல் ஒரு சாண் அளவு திறந்திருக்கும். அந்த வழியாக, தோக்கிவா வீட்டு வேலியில் பூத்திருந்த செம்பொன் நிறப் பூக்களின் மணம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்ததும், தோல் இன்னும் பச்சை மாறாத கமலா ஆரஞ்சு ஒரு பை எடுத்துக்கொண்டு தோக்கிவா வீட்டுக்குப் போனார். வானிலை, காற்று, உதிரும் இலை, வடிகால், தெருச் சுத்தம், குழுத் தலைவர். இதுவே திட்டம். தோக்கிவா உள்ளே அழைத்து, அமர இருக்கை தந்து, தேநீர் வார்த்தார். வானிலை நன்றாகவே நடந்தது. காற்றும் குறையின்றி நடந்தது. காற்றை இருவரும் தரையில் இறக்கி வைத்த பின்னர், உதிரும் இலையைக் குசானோ கையில் எடுத்தார். வடிகாலை நோக்கி அவர் காலெடுத்து வைக்கும் அந்த நொடியில் தோக்கிவா தலையை நிமிர்த்தினார்.

"இலைன்னதும் நினைவுக்கு வருது, குசானோ சான். நான் இலைய மக்க வெச்சு சாமந்திக்குப் போடறேன். பாக்கறீங்களா?"

சாமந்தி பின்கட்டில் இருந்தது, பதினான்கு தொட்டிகள். வீட்டுக்காரர் எடுத்துத் தந்த பொருளை விருந்தாளி கீழே போடுவது முறையன்று. ஒவ்வொரு தொட்டியாக வியக்க வேண்டியதாயிற்று. பத்தாவது தொட்டியருகில், நாளைமுதல் தேர்வு மேற்பார்வைக்காகத் தாம் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருப்பதாகவும், காலையில் நீர் ஊற்ற ஆளில்லை என்றும் தோக்கிவா வருந்தினார். இத்தகைய வருத்தத்தின்முன் நாகரிகமுள்ள மனிதன் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். குசானோ அதைச் சொன்னார்.

"என்னாச்சு?" என்று சுமியே கேட்டாள்.

"மூணாம் படி வரைக்கும் போயாச்சு. நாளையில இருந்து காலைல சாமந்திக்குத் தண்ணி ஊத்தணும்."

"நம்ம வீட்ல ஏது சாமந்தி?"

குசானோ குளிக்கப் போனார்.

தோக்கிவாவின் திறமை அவரை வியக்கவைத்தது. ஆயினும் காரணம் விளங்கவே செய்தது. நாள்தோறும் பழக்கமில்லாதவர்களுக்கு அருகில் அமர்ந்து, அவர்கள் கை அசையும் விதத்தைக் கொண்டே வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று கணிப்பவரல்லவா அவர்? ஆகவே, திரும்புவது தெரியாமல் திரும்ப வேண்டும் என்று வெந்நீரில் அமர்ந்து முடிவு செய்தார். புதிய வழி ஒன்றை வகுத்து, சொல் சொல்லாக இருமுறை சொல்லிப் பார்த்தார். இடையில் ஒரு வேடிக்கையும் சேர்த்தார்.

புதன்கிழமை, சாமந்திக்கு நீர் ஊற்றிய செய்தியோடு போனார். சாமந்தியிலிருந்து மலர்க் கண்காட்சி, அதிலிருந்து அது நடக்கும் மன்றம், மன்றத்திலிருந்து அதன் சாவி, சாவியிலிருந்து அதைக் காப்பவர். எண்ணிப் பார்த்தால் இது சுருக்கமான வழிதான். மன்றத்தின் சாவி இருக்கும் பருமனுக்கு, திருடன் வந்தால் கதவைத் திறக்க மாட்டான், சாவியைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்பது அவர் சேர்த்துவைத்த வேடிக்கை. திருடன் என்று சொல்லி அவர் மூச்சு வாங்குவதற்குள் தோக்கிவா சிரித்துவிட்டார். மனம் ஒன்றிவிட்டது என்று குசானோ பூரித்தார். ஆனால் சிரித்து முடித்த தோக்கிவா, மன்றம் என்றதும் நினைவுக்கு வருவதாகத் தொடங்கி, வியாழன்தோறும் அங்கே ஆடவர் சேர்ந்திசைக் குழு பாடுவதைச் சொல்லலானார். கீழ்ச்சுதிக்கு ஆள் கிடையாதாம்.

"உங்க குரல் கனமான குரல், குசானோ சான். நல்லா தூரம் வரைக்கும் எட்டுது."

தம் குரலை இதுவரை எவரும் பாராட்டியதில்லை என்பதால் குசானோ ஒரு கணம் நிலை தடுமாறினார். அந்த ஒரு கணம் போதுமானதாயிற்று.

"பாட்டா? நீங்களா?" என்றாள் சுமியே.

"கீழ்ச்சுதி."

"தலைவர் விஷயம்?"

"சாவி வரைக்கும் போச்சு."

வியாழன் மாலை மன்றத்தில், தோக்கிவாவுக்கு அருகிலேயே இரண்டு மணி நேரம் நின்றார். பாடும்போது பேச இயலாது. பாடாதபோது பாட்டைப் பற்றியே பேச வேண்டியிருந்தது. சாவி கையில் உள்ளவர் என்பதால், வாரந்தோறும் முன்னதாக வந்து மன்றத்தைத் திறந்து நாற்காலி போடும் வேலையையும் அவருக்கே மகிழ்ச்சியோடு அளித்தார்கள். வீட்டுக்கு வந்தபோது, வெளி அறையில் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. அதில் சுமியேயின் கம்பளிச் சட்டைகள் மட்டும் இருந்தன.

ஆற அமரக் குளியலறையில் எண்ணிப் பார்த்ததில் குசானோவுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. தாம் ஒரு பொருளை எடுப்பதனால்தானே தோக்கிவா அதைத் திருப்பிவிடுகிறார்? எடுக்காமலே இருந்தால்? ஒரு பொருள் முடிந்ததும் வாய் திறவாமல் அமர்ந்திருப்பது. மௌனத்தின் சுமை தாளாமல் தோக்கிவா எதையேனும் எடுப்பார். அது எதுவானாலும் அங்கிருந்து குழுவுக்கு ஒரே எட்டில் தாவிவிடுவது. தம் மதிநுட்பத்தைத் தாமே மெச்சி, அதை உரக்கச் சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, பாட்டைப் பற்றிய பேச்சு முடிந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். தோக்கிவாவும் மூடிக்கொண்டார்.

"அப்படித்தான்" என்றார் குசானோ, சிறிது நேரம் கழித்து.

"அப்படித்தான், இல்லையா" என்றார் தோக்கிவா.

"ஆமாம்."

"ஆமாமாம்."

தேநீர் தீர்ந்தது. மீண்டும் வார்க்கப்பட்டது. அதுவும் தீர்ந்தது. தோக்கிவாவின் மனைவி மிட்சுயோ அந்த அறையை மூன்று முறை கடந்து போனார். மூன்று முறையும், ஓடாமல் நின்றுவிட்ட ஒரே வண்டியை முன்னும் பின்னுமாகத் தள்ளும் இருவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். கடிகாரம் ஆறு அடித்தது. இருவரும் அதற்கும் தலையசைத்தார்கள். கடைசியில் தோக்கிவா, நெடுநேரமாக ஆயத்தமாய் இருந்தவர்போல, இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியை முன்னால் நகர்த்தினார். ஊரிலிருந்து அண்ணன் அனுப்பிய துவர்ப்புச் சீமைப் பனிச்சம்பழம். தோல் சீவிக் கயிற்றில் கட்டிக் காயவைத்தால் இனிக்குமாம். தங்கள் வீட்டில் கயிறு கட்ட இடம் இல்லையாம். பனிச்சம்பழத்திலிருந்து குழுத் தலைவருக்கு ஒரே எட்டில் தாவும் வழி எதுவும் உலகத்தில் இல்லை என்பதைக் குசானோ அங்கேயே தெரிந்துகொண்டார்.

பெட்டியில் நூற்றிருபது பழங்கள் இருந்தன. சுமியே கத்தியை எடுத்துவந்து சீவத் தொடங்கினாள். பதினைந்தாவது பழத்தில் கை நின்றது.

"ஒரு டிக்கெட்ட திருப்பிக் கொடுத்துடட்டுமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவருக்குப் பேச்சை மாற்றத் தெரிந்திருக்கும். அவள் மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த பழத்தை எடுத்தாள். குசானோ குளிக்கப் போனார்.

மறுநாள் மழை பெய்யும் என்று செய்தித்தாள் அறிவித்திருந்தது. அதைக் கொண்டே கடைசி வழியை வகுத்தார்: மழை, குடை, திருவிழாவில் நனைந்த தேர், தேரைத் துடைத்தவர்கள், குழு, தலைவர். முதல் முறை சொன்னபோது தேரில் சிக்கிக்கொண்டார். இரண்டாம் முறை தோக்கிவாவின் குரல் அவருக்குச் சரியாக வரவில்லை. மூன்றாம் முறை எல்லாம் பொருந்தி வந்தது. ஆனால் மகிழ்ச்சி உண்டாகவில்லை. நீரில் அமர்ந்தபடி, எந்தக் குரலையும் மாற்றிக்கொள்ளாமல், அவர் வாய் தானாகவே பேசிற்று.

"தோக்கிவா சான், என் மனைவி அவ அக்காவப் பாத்து நாலு வருஷம் ஆச்சு. ரெண்டு தடவ என்னாலதான் போக முடியல. அடுத்த தலைவரா நீங்க இருந்தா, நான் அவளக் கூட்டிட்டுப் போவேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே நாணமாயிற்று. இதில் படியே இல்லை; மாடியிலிருந்து குதிப்பதுபோல் இருக்கிறது. இதெல்லாம் பேசும் முறையா என்று தம்மையே கடிந்துகொண்டு எழுந்து துவட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு துளி மழை இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக, செய்தித்தாளும் வானமும் ஒத்துவராததை எண்ணிக் குசானோ வருந்தினார். குடையை எங்கிருந்து தொடங்குவது? அவர் வாசலில் நின்று, வெயிலிலிருந்து குடைக்குப் போக வழி உண்டா என்று குறிப்பேட்டில் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது மிட்சுயோ அம்மாள் வந்தார். வீடு வீடாகச் சுற்றிவரும் குழு அறிவிப்புப் பலகை அவர் கையில் இருந்தது. நாளைய கூட்டத்தைப் பற்றிய அறிவிப்பு.

கணவரிடம் போகும் வழி மனைவியின் மூலமாகவும் இருக்கலாம் என்று குசானோவுக்குத் தோன்றியது. உடனே பலகையை இரு கைகளாலும் வாங்கி, வணங்கி, குரலைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னிக்கு எவ்வளவு நல்ல வெயில், பாத்தீங்களா? இந்த மாதிரி வெயில்ல..."

மிட்சுயோ அம்மாள் குழம்பிய முகத்தோடு அவரைப் பார்த்தார்.

"ஏன், மழையில இருந்துதானே ஆரம்பிக்கறதா இருந்தீங்க?"

குசானோ பலகையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ராத்திரி மூணு தடவ சொல்லிப் பாத்தீங்களே. மழை, குடை, தேர். மூணாவது தடவ நல்லாவே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர்கூட, இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலையேன்னு கவலப்பட்டாரு."

பூ மணம் உள்ளே வரும் வழியாகக் குரல் வெளியே போகும் என்பதை அவர் பத்தொன்பது ஆண்டுகளாக எண்ணிப் பார்த்ததே இல்லை.

"நான் ஒசாகாக்காரி, சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது, மன்னிச்சுக்குங்க" என்று தொடங்கி மிட்சுயோ அம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாலை ஏழு மணி ஆனதும் தோக்கிவா வேலியருகே முக்காலி போட்டு அமர்ந்துவிடுவாராம். கையில் குறிப்பேடும் பென்சிலும் இருக்குமாம். குளியலறைக் குரல் வெளியே கேட்பது தெருவில் எல்லா வீட்டுக்கும் தெரியுமாம். இரண்டாண்டுகளாகச் சரியான நேரத்தில் அவரவர்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டதும் இப்படித்தானாம். மனம் பொறாமல் ஒகிதா அம்மாள் சொல்ல வந்தார். பல் மருத்துவரும் வந்தார்.

"வந்தவங்களை எல்லாம் நீங்கதான் பேச்ச மாத்தி அனுப்பிட்டீங்களாம். அவ்வளவு அழகா மாத்துவீங்களாமே, வீட்டுக்குப் போனப்புறம்தான் அவங்களுக்கே தெரியுமாம்."

குசானோ ஏதேனும் சொல்ல வேண்டுமே என்று வானத்தைப் பார்த்தார். அங்கே உதவி ஒன்றும் இல்லை.

மிட்சுயோ அம்மாள் வாயில்வரை போய்த் திரும்பி நின்றார்.

"நேத்து கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, உங்க வீட்டம்மாவோட அக்காவப் பத்தி. அத மட்டும் அவர் எழுதிக்கல. நோட்ட மூடிட்டு உள்ள வந்துட்டார்."

அவர் போனதும் குசானோ செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தார். உள்ளே, கயிற்றில் கட்டிய பனிச்சம்பழங்களைச் சுமியே ஜன்னலோரம் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இந்த வீட்டுக்கு வந்த வருஷமே சொன்னேன். நீங்க கெண்டைமீனப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டீங்க."

அன்று முழுவதும் அவர் தோக்கிவா வீட்டுக்குப் போகவில்லை, குறிப்பேட்டையும் திறக்கவில்லை. மாலை ஏழு மணி ஆயிற்று. வெந்நீர் நிரம்பியதும் சுமியே வந்து, ஆவி அடர்ந்த குளியலறையின் ஜன்னலைச் சாத்துவதற்காகக் கை நீட்டினாள். வேலிக்கு அப்பால், கற்களின்மீது ஒரு முக்காலி மெல்ல வைக்கப்படும் ஓசை கேட்டது. தெருவில் எதிர்வீட்டுக் கதவும் ஒருமுறை திறந்து நின்றது.

"சாத்தாத, சுமியே" என்றார் குசானோ. "இன்னும் கொஞ்சம் திறந்து வை. இன்னிக்கு வானிலையில இருந்து ஆரம்பிக்கப் போறதில்ல."